பிளக்கின் முன்பக்கம்

என் தங்கை காந்தம் செய்கிறாள். சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஃபிரிட்ஜில் ஒட்டுகிறதா? முதல் வருடம் பொறுமையாக விளக்கினாள். இப்போது, "ஆமா, கொஞ்சம் பெரிய ஃபிரிட்ஜ்" என்று முடித்துக்கொள்கிறாள்.

அது முழுப் பொய்யும் இல்லை. அணுவுக்குள் இருப்பதை ஆராய்கிறவர்களுக்குத் துகள்களை வளைத்து ஓடவிட அந்தக் காந்தம் வேண்டும். அதைத் திரவ ஹீலியத்தில் முக்கி, கேட்டாலே பல் கூசும் குளிருக்குக் கொண்டுபோவார்கள். அப்போதுதான் கம்பியில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். கம்பியில் ஓரிடம் துளி சூடானாலும் போச்சு, 'காயில்' என்கிற அந்தக் கம்பிச்சுருள் முழுவதும் அந்தக் குணத்தை இழக்கும், ஹீலியம் கொதித்து ஆவியாகும். அதற்கு 'குவென்ச்' என்று பெயர். எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு காயிலை முழுக்க அவளிடமே விட்டார்கள். ஏழு மாதம் கண்ணும் கருத்துமாகச் சுற்றினாள். அதை மற்ற காயில்களோடு பற்றவைத்து இணைத்தது ஒரு டெக்னீஷியன் அக்கா. பதினோரு வருடத்தில் தன் இணைப்பு ஒன்றுகூடப் பழுதானதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

சோதனையன்று பன்னிரண்டாயிரம் ஆம்பியர் தாங்க வேண்டிய காந்தம் ஒன்பதாயிரத்திலேயே குவென்ச் ஆனது. எங்கே தொடங்கியது என்று காட்ட மெல்லிய சிக்னல் ஒயர்கள் உண்டு. அவை அக்காவின் இணைப்பைக் காட்டின.

"நாளைக்குக் காலைல சூடேத்திப் பிரிச்சிடலாம்" என்றார் குழுத் தலைவர். பிரித்தால் மூன்று மாத வேலை. அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமாண்ணா? அப்பாடா, என் காயில் இல்லன்னு." சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லிவிட்டு போனில் வேலைக்காக எடுத்த பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பல் மருத்துவம் தொழில்; வீட்டில் சமையலும் என் தலையில்தான்.

"அண்ணா, நீ எப்பவாவது தப்பான பல்லப் பிடுங்கியிருக்கியா?"

"பிடுங்கல. ஆனா ஒரு தடவ தப்பான பக்கம் ஊசி போட்டுட்டேன். அவங்களுக்கு வலது, எதிர்ல நிக்கிற எனக்கு இடது."

"அதேதான்" என்று போனில் ஒரு பிளக்கின் படத்தை நீட்டினாள்.

சிக்னல் ஒயர்களைப் பிளக்கில் செருகியது அவள். பிளக்கின் ஊசிகளை முன்பக்கம் பார்த்து எண்ண வேண்டியவள் பின்பக்கம் பார்த்து எண்ணியிருக்கிறாள். இடமும் வலமும் மாறிவிட்டன. அக்காவின் இணைப்பு என்று கணினி காட்டியது உண்மையில் இவளுடைய காயிலின் உள்சுற்று.

"சொன்னா என்ன ஆகும்?" என்றேன்.

"புதுக் காயில்ல கம்பி ஒரு மயிரிழை நகர்ந்து சூடாகும். மறுபடி மறுபடி கரண்ட் ஏத்துனா கம்பி இடத்துல உக்காந்து தானா சரியாகலாம். ஆகலன்னா ஏழு மாசமும் குப்பைக்குத்தான்."

சொல்லாதே என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணன்தானே நான். நல்லவேளை, மென்று முழுங்கிவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். ஹீட்டரைப் போடுவதற்குள் தலைவரிடமும் அக்காவிடமும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். தலைவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பிரிக்க வேணாம். மறுபடி கரண்ட் ஏத்திப் பாப்போம். ஏறலன்னா உன் காயில்தான் வெளிய."

"சரி சார்."

அக்காவைப் பார்த்தாள். "நான் கோவமா இருக்கேன்" என்றார் அக்கா. "சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

அடுத்த முறை பத்தாயிரத்து நானூறில் குவென்ச். அதற்கடுத்த நாள் பதினோராயிரத்து முந்நூறு. மூன்றாம் நாள் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டு, குவென்ச் ஆகாமல் அங்கேயே நின்றது. கிளினிக்குக்கு போன் செய்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் ஒருவர் திறந்த வாயை மூடாமல் எனக்காகக் காத்திருந்தார்.

சோதனை அறிக்கையை அவள்தான் எழுதினாள். 'பிளக்கைப் பின்பக்கமாக எண்ணியது நான்' என்பது முதல் வரி. அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"எம் பேரு எங்க?"

"உங்க மேலதான் தப்பே இல்லையேக்கா."

"அதத்தான் எழுதச் சொல்றேன்."

பன்னிரண்டாயிரம் ஆம்பியரிலும் இணைப்புகளில் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு வரி சேர்த்து, பற்றவைத்தவர் என்று அக்காவின் பெயரையும் போட்டாள். அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு மார்க்கரை எடுத்து, அலமாரியிலிருந்த புதுப் பிளக்கின் மேல் 'முன்பக்கம்' என்று பெரிதாக எழுதி இவள் கையில் கொடுத்தார்.

"அடுத்ததுக்கும் நீயே ஒயர் போடு."