மூன்றாவது இணைப்பு

1991-இல் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது. அண்ணனுக்கான மனுவை நானே அடிக்கிறேன் என்று ஸ்ரீபெரும்புதூர் இன்ஸ்டிட்யூட்டில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் ஓர் அரபு நாட்டில் லாரி ஓட்டினான். முதலாளியின் மகன் செய்த விபத்தை அவன் தலையில் கட்டி ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அங்கே அவனோடு இருந்து விடுதலையாகி வந்த தண்டலத்துக்காரர் ஒருவர், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டைத் தேடி வந்து சொன்னார்.

"பொய் சொல்லக்கூடாதும்மா. உள்ளங்கால்லயே அடிக்கிறாங்க. அவரால நிக்கவே முடியல."

டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதினேன். தூதரகத்திலிருந்து ஆளை அனுப்பி அவனைப் பாருங்கள், அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்டது. ரேஷன் கார்டு நகல், வேலை ஒப்பந்தம், மூன்றாவதாக அண்ணன் ஜெயிலிலிருந்து போட்ட கடிதம். ஜெயில் விலாசமும் பாஸ்போர்ட் நம்பரும் அதில்தான் இருந்தன. ஒன்றுவிடாமல் இணைத்த பெருமையோடு தபாலில் சேர்த்தேன்.

மாதங்கள் போயின. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். எனக்குக் கேட்கவும் அலுத்துவிட்டது.

கடைசியில் பதில் வந்தது. நல்ல தாள், நல்ல ஆங்கிலம். தூதரகம் சிறை அதிகாரிகளிடம் விசாரித்ததாம். கைதி நன்றாக நடத்தப்படுகிறார் என்றார்களாம். நீங்கள் இணைத்துள்ள அவருடைய கடிதமும் அதையே உறுதி செய்வதால், மேல் நடவடிக்கைக்கு அவசியம் எழவில்லை.

அடித்தவனிடமே போய் அடித்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களைத் திட்டித் தீர்க்கலாம்தான். ஆனால் சாட்சியை எடுத்துக் கொடுத்தவள் நான். 'நான் நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. இங்கே எல்லோரும் அன்பாகப் பழகுகிறார்கள்.' வெளியூர் போன எங்கள் ஊர்க்காரர்கள் யாருமே வேறு மாதிரி எழுதியதில்லை. கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படிப்போம், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும். டெல்லிக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்த எனக்கே புத்தி வேலை செய்யவில்லை.

அம்மாவிடம் மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"எனக்குப் பயந்துகினுதானே அப்பிடி எழுதிகீறான்? பேப்பர் எடுடி. அடிக்கிறத அடிக்கிறாங்கன்னே எழுதச் சொல்லு. நான் ஒண்ணும் அழமாட்டேன்னு எழுது."

அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அந்த ஜெயிலில் தமிழ் தெரிந்தவனை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எந்தக் கடிதத்தையும் வெளியே விடுவார்கள் என்று தண்டலத்துக்காரர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன்.