கோல்பிக்கு முன்னால் நின்றவன்

அமெரிக்கக் கால்பந்து அணியில் கேரி ஹூடக்கின் வேலையை அரங்கத்தில் யாரும் கவனிப்பதில்லை. குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின், அதாவது எறிபவனின், கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த வேகத்தில் நிமிர்ந்து, எதிரே பாய்ந்து வரும் முரட்டு ஆட்களை உடம்பால் தடுக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு நொடியில் பின்னால் நிற்பவன் பந்தைச் சரியாக எறிந்தால், கைதட்டல் அவனுக்கு. ஹூடக்குக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஒஹாயோ ஏரிக்கரையில், எஃகு ஆலைக்குப் போனவர்களின் குடும்பத்தில் பிறந்தவன். அங்கே யாரும் கைதட்டலுக்காக வேலைக்குப் போனதில்லை.

குவார்ட்டர்பேக் கோல்பி லாசிட்டர் டெக்சஸிலிருந்து அணிக்கு வந்து சேர்ந்தபோது அவனிடம் ஒரு நல்ல குளிர் கோட்டுகூடக் கிடையாது. வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி ஹூடக்கின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கினான். குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தான். ஹூடக்கின் மனைவி நோரீன் வெங்காயம் போட்டு வதக்கும் பியரோகிக் கொழுக்கட்டையைத் தட்டுத் தட்டாகக் காலி செய்தான்.

"உனக்கு எறியிற கை மட்டும்தான் பெருசுன்னு நெனச்சேன், வயிறும் அப்படித்தான் இருக்கு" என்பாள் அவள்.

முதலில் அந்தக் கை ஊரையே எழுந்து ஆட வைத்தது. பிறகு ஒரு நவம்பரில் பக்கவாட்டிலிருந்து வந்து ஒருவன் இடித்ததில் கோல்பியின் விலா எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்தது, பயம் போகவில்லை. யாராவது நெருங்குவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். பந்து எதிரணியின் கைக்குப் போனது. சொந்த அரங்கமே அவனைப் பார்த்து ஊளையிட்டது. பெட்ரோல் பங்கில் ஒருத்தன் கோல்பியின் கார்மேல் காறித் துப்பினான். ஹூடக் அவன் சட்டையைப் பிடித்துத் துடைக்க வைத்தான்.

அந்த வருடம்தான் ஹூடக்கின் முழங்காலும் போனது. பயிற்சியில் ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டது. உடை மாற்றும் அறையில் கோல்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஹூடி, டாக்டர்கிட்ட சொல்லாத."

"ஜவ்வு கிழிஞ்சிருக்குடா. மாடிப்படி ஏற முடியல."

"உன் எடத்துல புதுசா ஒருத்தன நிறுத்தினா நான் செத்தேன். சீசன் முடியட்டும். நீ எனக்கு முன்னால சும்மா நின்னா போதும்."

"சும்மா நின்னா அதுக்குப் பேரு வெளக்குக் கம்பம்டா."

கோல்பி சிரித்தான். பிறகு ஹூடக்கின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அதற்கு மேல் ஹூடக்கால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினான். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் அவனை வண்டியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். வசந்தத்தில் அணி இருவரையுமே விடுவித்தது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்த நாட்களில் கோல்பி எட்டிப்பார்க்கவில்லை. தொலைக்காட்சியில்தான் வந்தான். நீல நிறக் கோட்டு, புது முடிவெட்டு.

"எனக்கு முன்னால நின்னவர் ஒத்தக் கால்ல ஆடிட்டிருந்தாரு. யாருக்கும் சொல்லல. எனக்கே அப்புறம்தான் தெரியும். எறிய நேரமே கெடைக்கல. வேற ஊர்ல, ஒளிவு மறைவு இல்லாத ஆளுங்களோட ஆடினா நான் யாருன்னு காட்டுவேன்."

ஹூடக் முழங்காலில் இருந்த ஐஸ் பையை எடுத்துத் தரையில் வைத்தான். ஏன் எடுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நம்ம வீட்ல தின்ன வாய் அது" என்றாள் நோரீன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய்க் கோல்பி விட்டுச்சென்ற போர்வையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

மே மாதம் கோல்பி நேரில் வந்தான். நோரீன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள்.

"அந்தப் பேட்டிய மனசுல வச்சுக்காத ஹூடி. ஏஜென்ட் எழுதிக் கொடுத்தான்."

"எழுதினது அவன். சொன்ன வாய் உன்னுது."

"உன் ஆட்டம் எப்படியும் முடிஞ்சதுதானே. எனக்கு இன்னும் இருக்கு." சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் சிவந்தது. "வெர்ன் உன்னக் கூப்பிடுவாரு. அவங்க அணிக்கு என்னை எடுக்கலாமான்னு கேப்பாரு. நல்லதா ஒரு வார்த்தை சொல்லு."

"உள்ளதச் சொல்றேன். கிளம்பு."

வெர்ன் டில்லட்சன் கல்லூரியில் ஹூடக்குக்குப் பயிற்சி கொடுத்தவர். இப்போது மேற்கில் ஓர் அணியில் இருந்தார். அடுத்த வாரமே அழைத்தார்.

"நீ வேணாம்னு சொன்னா இத இதோட விட்டுடுறேன். அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா?"

ஹூடக் சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தான். 'வேணாம்' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பந்தைக் கையில் வாங்கியதும் கோல்பி மைதானத்தைப் படிக்கும் விதம் அவனுக்குத் தெரியும். அதைப் பொய்யாக்க மனம் வரவில்லை.

"கை அப்படியேதான் இருக்கு கோச். விலா ஒடஞ்சதிலேர்ந்து பயப்படுறான். முன்வரிசை நல்லா அமஞ்சா ஒரு வருஷத்துல பயம் போயிடும். எடுக்கலாம்."

"முட்டி சரியா இருந்தா நீ மறுபடி அவன் முன்னால நிப்பியா?"

"மாட்டேன்."

ஹூடக்கே கேட்டான்:

"வேற எதாவது அணில எனக்கு எடம் இருக்குமா கோச்? இலையுதிர் காலத்துக்குள்ள முட்டி தேறிடும்னு டாக்டர் சொல்றாரு."

"நானே உன்னைப் பத்திக் கேட்டேன் கேரி. எங்க டாக்டருங்களே ஒத்துக்கல. காயத்த மறைக்கிற ஆளுன்னு அவன் டிவில சொல்லிட்டானே. எந்த ஊர்லயும் இனி உன்கூட ஒப்பந்தம் போட மாட்டாங்க."

"அவன்தான் கோச் மறைக்கச் சொன்னான்."

"நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன பிரயோஜனம்."

ஹூடக் தொலைபேசியை வைத்தான். நோரீன் கேட்டதும் வெர்ன் சொன்னதைச் சொன்னான். தான் கோல்பியைப் பற்றிச் சொன்னதையும் சொன்னான்.

"உன்ன வித்துத் தின்னவனுக்கு நீயே சிபாரிசா" என்றாள்.

கோல்பியை அந்த அணி எடுத்துக்கொண்டது. முதல் வருடம் உட்கார வைத்தார்கள், மறுவருடம் இறக்கினார்கள். நன்றாகவே ஆடினான். பயம் போயிருந்தது. பேட்டிகளில் கடவுளுக்கும், அம்மாவுக்கும், வெர்னுக்கும் நன்றி சொன்னான்.

ஹூடக் மாவட்டச் சாலைத் துறையில் பனி வாரும் வண்டி ஓட்டப் போனான். மதிய உணவு நேரத்தில் கூட வேலை செய்யும் பென்ட்லி கேட்டான்:

"அந்த லாசிட்டர் பயலுக்கு மறுபடி சான்ஸ் கெடைச்சது நியாயம்தானா? நீ கூட ஆடினவன், சொல்லு."

"நியாயம்தான். நல்லா ஆடுவான்."

"உன்ன வந்து பாத்தானா?"

"இல்ல."

பென்ட்லி அடுத்த கேள்விக்கு வாயெடுத்தான். ஹூடக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியைக் கடித்தான். வெளியே மறுபடி பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஹூடக் மேசையைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி எழுந்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.