எட்டு பல்புகளும் ஒரு ஜப்பான் மீட்டரும்

வாட்மீட்டரின் முள் முந்நூற்று நாற்பதில் நின்றது. நிற்க வேண்டிய இடம் ஐந்நூறு. நூற்று அறுபது வாட்டுக்காக ஒரு மனிதரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றால் இன்று டிரான்ஸ்மிட்டர் வேலைக்கு வரும் தம்பிகள் நம்புவதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் ஏற்றினார்கள்.

1. மீட்டர் சொன்னது

மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பங்களா. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடியது. அதன் பின்னறையில் ஐந்நூறு வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து ஜப்பான் ராணுவம் செய்தியும் பாட்டும் ஒலிபரப்பியது. டெக்னீஷியன்கள் இரண்டு பேர். தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வரும் நான் ஒருவன். மற்றவர் பெயர் பிள்ளை, என்னைவிட மூத்தவர், அதே காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலாக்கா செட்டி சமூகத்து மனிதர். நெற்றியில் விபூதி இருக்கும், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார், தமிழ் மட்டும் வராது. அவருக்கும் அவர் மனைவிக்கும் பேச்செல்லாம் மலாய்தான். அவர்கள் பேசியதையும் ஜப்பான்காரர்கள் உடைந்த மலாயில் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்களுக்கு மேலே சார்ஜென்ட் ஒக்காவா. கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்தவர். சிங்கப்பூரிலிருந்து புதிய வாட்மீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்தது. அவரே திறந்தார், அவரே துடைத்தார். ஏரியலுக்குப் போகும் வயரில் நான் அதை மாட்டியதும் முள் கிளம்பி முந்நூற்று நாற்பதில் உட்கார்ந்துகொண்டது.

"பவர் எங்கே?" என்றார் ஒக்காவா.

நான் வயரை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தேன். முள் அசையவில்லை.

"பழைய இங்கிலீஷ் மீட்டர் ஐந்நூறுன்னுதானே காட்டிச்சு? அதை வச்சு நான் மேலே ரிப்போர்ட் அனுப்பிட்டேன். யார் குறைச்சது? ட்யூனிங் பாக்கறது யார்?"

ட்யூனிங் பார்ப்பவர் பிள்ளை. ஒக்காவா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளை மத்தியானம் கேப்டன் வர்றார். ஐந்நூறு வரலேன்னா இவன் லாரியில ஏறுவான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய மீட்டர் எப்போதோ முள் ஒட்டிக்கொண்டு செத்துப்போனது. டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினால்கூட ஐந்நூறுதான் காட்டும். யாரும் கேட்காத வரைக்கும் நாங்களும் சொல்லவில்லை.

ட்யூனிங்கை இருவரும் முழுதாகச் சரிபார்த்தோம். காயில், வால்வு, ஏரியல் எதிலும் குற்றமில்லை. கடைசியில் சுவர் பிளக்கில் என் கைமீட்டரை வைத்தேன். இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூறு வந்துகொண்டிருந்தது. பட்டினி போட்ட மாடு எவ்வளவு உழும்? ஜப்பான் மீட்டர் சொன்னது சுத்தமான உண்மை.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். பவர்ஹவுஸில் எஞ்சின் பார்க்கும் பிட்டர் என் தங்கை புருஷன். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன்.

"டீசல் எங்க மச்சான் இருக்கு? பாமாயில கலந்து ஓட்டிக்கிட்டு இருக்கோம். எஞ்சின் இருமுது. ஏற்கெனவே எவனோ கரண்டு பத்தலன்னு எழுதிப் போட்டு எங்க ஆளு ஒருத்தரக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டானுங்க. இன்னும் வரல. நீயும் சொல்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடு. தங்கச்சிய ஒங்க வீட்டுல கொண்டாந்து விட்டுடறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னான்.

2. பல்பு சேர்த்தது

ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் மச்சான். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் வீடுகளில் விளக்கு எரிந்தது. எல்லாம் பழுத்த பப்பாளி நிறம். அப்போதுதான் யோசனை வந்தது.

பவர் அளக்க மீட்டர்தான் வேண்டும் என்றில்லை. ஏரியலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல்புகளை லோடாக, அதாவது பவரைத் தின்னும் சுமையாகப் போடலாம். அறுபது வாட் பல்பு எட்டு போட்டால் நானூற்று எண்பது. கிட்டத்தட்ட முழுப் பவர். பக்கத்தில் அதே பல்பு ஒன்றைச் சுவர் பிளக்கிலிருந்து வரும் மெயின் கரண்டில் எரியவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம் இருந்தால் பவர் சரி என்று சொல்லலாம். கற்ற எவரும் ஒப்புக்கொள்ளும் முறை. மெயின் கரண்டே இளைத்துக் கிடந்தால் ஒப்பிடும் பல்பும் சேர்ந்து இளைத்துவிடும் என்பது மட்டும்தான் அதில் குறை. எங்களுக்கு வேண்டியதும் அந்தக் குறைதான்.

மறுநாள் விடிந்ததும் யோசனையைச் சொன்னேன். ஒக்காவா உடனே சம்மதித்தார். அவர் கழுத்தும் அந்த ஐந்நூறில்தான் மாட்டியிருந்தது.

கடையில் பல்பு கிடையாது. காலையில் காஜா பெராங் வீடுகளில் பிள்ளை ஏறி இறங்கினார். எட்டு கிடைத்தது. ஒன்பதாவது அவர் வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் எரிந்த பல்பு. அவர் மனைவி நாற்காலி போட்டு ஏறித் தானே கழற்றினார். அந்த லம்புவை, மலாயில் விளக்குக்கு அதுதான் பெயர், புருஷன் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

"லம்புவும் திரும்பி வரணும், இவரும் திரும்பி வரணும். ஒண்ணு வந்து ஒண்ணு வரலேன்னா நீ இந்தப் பக்கம் வராதே."

சரி அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

3. கேப்டன் பார்த்தது

ஜன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கினோம். எட்டு பல்புகளையும் லோடாக மாட்டி, காயிலில் வயர் தொடும் இடத்தை மாற்றி ட்யூன் செய்தோம். ஒன்பதாவதை மெயினில் போட்டேன். கேப்டன் இடுப்பில் வாளோடு முன்னால் நின்றார். பிள்ளை சுவிட்சைப் போட்டார். ஒன்பதும் எரிந்தன. அண்ணன் தம்பி போல ஒரே முகம்.

கேப்டன் அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு குனிந்து, "ஏன் எல்லாம் சிவப்பா இருக்கு?" என்றார்.

ஒக்காவா மேற்கூரையைப் பார்த்தார். பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார்: "மலாக்கா லம்பு எப்பவும் இப்படித்தான் துவான்."

கேப்டன் நிமிர்ந்தார். "ஆமாம். என் ரூம்லயும் இப்படித்தான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு குடும்பங்கள் பிழைத்தன.

மீட்டர் ஏன் குறைத்துக் காட்டுகிறது என்பது பாக்கி. ஜப்பானில் செய்தது பொய் சொல்லும் என்று சொல்ல எங்களுக்கு வாய் ஏது? ஒக்காவாவே காரணம் கண்டுபிடித்தார்: மீட்டருக்கு மலாயா வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அதற்குத் தனியாக ஒரு மேஜை, அதைக் குளிர்விக்க ஒரு காற்றாடி. அந்தக் கட்டடத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அதுதான். அதைத்தான் நோயாளி என்று படுக்க வைத்தோம்.

சாயங்காலம் பல்பையும் பிள்ளையையும் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அவர் மனைவி முதலில் பல்பை மாட்டி எரிகிறதா என்று பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்து, "சாப்பிட வா" என்றார்.

4. வெளிச்சம்

சண்டை முடிந்து பவர்ஹவுஸுக்கு நல்ல டீசல் வந்த அன்று நான் பிள்ளை வீட்டில் இருந்தேன். பொழுது சாய்ந்ததும் அவர் மனைவி சுவிட்சைப் போட்டார். அதே சாமிப்படம், அதே பல்பு. வெள்ளையாக எரிந்தது.

"கண்ணு கூசுது! அணை, அணை, வெடிச்சிடும்!" என்று முகத்தை மூடிக்கொண்டு கத்தினார்.

பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது. கூடுதல் ஒன்றுமில்லை, எப்போதும் இருந்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது பிள்ளையின் கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டி, சட்டை அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர். இளைத்ததை நான் பார்த்ததே இல்லை. அவர் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் அழுகை வந்தது.

இரண்டு வாட்மீட்டர் இரண்டு விதமாகக் காட்டினால் எதை நம்புவது என்று தம்பிகள் கேட்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பயமில்லை, எதிலோ கோளாறு என்று தேடுவீர்கள். ஒத்துப்போகும்போதுதான் கவனம் வேண்டும், இரண்டும் சேர்ந்தே இளைத்திருக்கலாம். முதலில் சுவர் பிளக்கில் மீட்டரை வையுங்கள். அப்படியே பக்கத்தில் நிற்கிறவன் சாப்பிட்டானா என்றும் கேளுங்கள்.