மறைத்து வைத்த மாலை

யாரையும் வைது எழுதக் கூடாது என்று நினைக்கிறவள் நான். காலையில் விளக்கேற்றும்போது முருகனிடம் அதைத்தான் கேட்டுக்கொள்வேன். ஆனால் தவமணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்தக் கம்ப்யூட்டர் சாப்ட்வேரின் நாலாம் பதிப்பைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. முருகன் மன்னிக்கட்டும்.

தவமணியும் நானும் டத்தோ கிராமட் ரோட்டில் ஸ்ரீரூபா ஸ்டுடியோவில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பின்கட்டில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். அவள் கவுண்டரில் இருபது வருஷம் நின்றாள். முதலாளி ஜெயராஜின் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கவுண்டருக்கு நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் நிற்கும்போது வேலையாள் உட்காரக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நின்று நின்று தவமணியின் காலில் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவாள்.

அவள் அப்பா துறைமுக ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. யாழ்ப்பாணத்து ஆட்கள். அவள் மூன்றாம் பாரம் படிக்கும்போதே படிக்க வைக்கிறவர் போய்ச் சேர்ந்தார். பிறகு தம்பிமாரைக் கரையேற்றினாள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அவளை யாரும் பெண் பார்க்க வந்தார்களா என்று நான் கேட்டதும் இல்லை.

தொண்ணூற்று நாலில் ஜெயராஜ் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். படத்தைத் திருத்தவும், பழசு புதுசு எல்லாப் படங்களையும் உள்ளே ஏற்றிப் பேர்வாரியாக அடுக்கி வைக்கவும் அதில் ஒரு சாப்ட்வேர் இருந்தது. மூன்றாம் பதிப்பு. எல்லாரும் தொடப் பயந்தோம். நாற்பத்து நாலு வயதில் தவமணி தொட்டாள். சாயங்காலக் கிளாஸுக்குப் போய், ஒரு வருஷத்தில் கடையிலேயே அதை முழுதாகத் தெரிந்த ஆள் அவள்தான் என்று ஆனாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி போட்டார்கள். அந்தக் கடையில் அவளுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது.

பிரஷ் பிடித்து நெகடிவ்வில் புள்ளி அடைத்த காலம் போனதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மருந்து வாடையில் எனக்குத் தலை வலிக்கும். மூன்றாம் பதிப்பு நல்ல பிள்ளை. சொன்னதைக் கேட்கும், வைத்ததை வைத்த இடத்தில் காட்டும். “எண்பத்தொன்பதுல கெப்பாலா பத்தாஸ்ல கல்யாணம், பொண்ணோட அம்மா பச்சைப் புடவை” என்று யாராவது வந்து நின்றால், அவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தவமணி படத்தை எடுத்துவிடுவாள்.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி இன்னொரு தாளை வைக்கலாம். வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம். தவமணி இதை வைத்து ஒரு காரியம் செய்தாள். எங்கள் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தை எடுப்பதற்குள் படம் வேண்டும். சுற்றி மாலை, கீழே குத்துவிளக்கு, தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. அழுது வீங்கின முகத்தோடு வந்து நிற்பார்கள், அவசரப்படுத்துவார்கள். அதனால் ஐம்பத்தைந்து தாண்டினவர் யார் வந்து படம் எடுத்தாலும், தவமணி அந்தப் படத்தின் மேல் மாலையும் விளக்கும் உள்ள தாளை முன்கூட்டியே வைத்து மறைத்துவிடுவாள். மறைவுக்கு நேரே இடம் காலியாக இருக்கும். செய்தி வந்தால் தேதியை மட்டும் போட்டு எடுத்துக் கொடுப்பாள். இருநூறு பேருக்கு மேல் அப்படி உள்ளே இருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

“பாவமில்லையா தவமணி, உசுரோட இருக்கிறவங்களுக்கு?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அழுதுகிட்டு வர்றவங்களைக் காக்க வைக்கிறதுதான்க்கா பாவம்,” என்றாள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் ஆனந்தராஜா வந்தான். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் ஆள். கழுத்தில் டை, கையில் பெட்டி. அவன் அப்பா விநாசித்தம்பி எங்கள் பழைய வாடிக்கையாளர், பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனிதர். மகனிடம் அந்தத் தங்கம் கொஞ்சமும் ஒட்டவில்லை.

“நாலாவது பதிப்பு வந்திருச்சு பாஸ். மூணுக்கு இனிமே சர்வீஸ் கிடையாதுலா. பழைய டிஸ்க்கைக் கொடுத்தீங்கன்னா புதுசு பாதி விலை.”

தவமணி நாற்காலியைத் திருப்பினாள். “தம்பி, மூணுல என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லக்கா. பழசு.”

“பழசுன்னா நானும்தான் பழசு.”

“அதைத்தான் பாஸ் யோசிக்கணும்,” என்று ஜெயராஜைப் பார்த்துச் சிரித்தான்.

ஜெயராஜும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

“நாலுக்கு ஏறிப் போனப்புறம் பிடிக்கலைன்னா மூணுக்கு இறங்கி வரலாமா?” என்று தவமணி கேட்டாள். அவன் விலைப்பட்டியலை எடுத்து ஜெயராஜிடம் நீட்டினான். வேண்டாம் என்று அவள் ஜெயராஜிடம் சொல்லிவிட்டு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்க மூன்று நாள் லீவில் போனாள். அந்த மூன்று நாளில் நாலாம் பதிப்பைப் போட்டுக் காரியத்தை முடித்துவிட்டார்கள். பழைய டிஸ்க்குகளை ஆனந்தராஜா வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி வந்தவள் அனுபவித்ததை என்ன சொல்ல. படத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் அசையாமல் உறைந்து போகும். அணைத்துப் போட்டால் காலையிலிருந்து செய்த வேலை போய்விடும். நடுநடுவே இங்கிலீஷில் ஒரு கட்டம் வரும். அவள் எனக்கு அர்த்தம் சொன்னாள். சட்டவிரோதமான செயல் நடந்துவிட்டது, மூடப் போகிறேன் என்கிறதாம். இருபத்து மூன்று வருஷத்தில் கடையிலிருந்து ஒரு கவர் எடுத்துப் போகாதவளைப் பார்த்து ஒரு பெட்டி அப்படிச் சொல்கிறது.

வாசு என்று வாடிக்கையாளர் பேரைப் போட்டுத் தேடினால் சலேஹா என்கிறவள் வந்தாள். சலேஹா என்று தேடினால் யாரோ ஒரு சீனக் குழந்தை கேக் வெட்டியது. ஆனந்தராஜாவுக்குப் போன் போட்டால், “உங்க கம்ப்யூட்டருக்கு மெமரி பத்தாதுக்கா,” என்பான். மெமரி வாங்கிப் போட்டோம். “அப்ப நீங்க பாவிக்கிற முறை சரியில்லை,” என்றான்.

ஒரு நாள் கவுண்டரில், படம் கிடைக்கவில்லை என்று சலேஹாவின் புருஷன் சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஜெயராஜ் உள்ளே வந்தார். “அக்கா, இன்னொரு தடவை கஸ்டமர் முன்னால எனக்கு மானம் போச்சுன்னா, ஆனந்தராஜாகிட்ட ஒரு ஆள் கேட்டு இங்க உட்கார வச்சிடுவேன். நீங்க பழையபடி கவுண்டருக்கு வந்துடுங்க.”

தவமணி மேசைக்கடியில் காலை மடக்கி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த வாரந்தான் கனகேஸ்வரி அம்மா வந்தது. அவர் புருஷன் அம்பிகைபாகன் அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சனிக்கிழமை அவருக்கு மணிவிழா. மண்டபத்து வாசலில் வைக்க அவருடைய படம் ஆளுயரத்தில் பாதி வேண்டும். போன வருஷம் எடுத்த கோட்டுப் போட்ட படம் இருந்தது. தவமணி அதைத் திரையில் திறந்து காட்டினாள். நன்றாகவே இருந்தது. அதை டிஸ்க்கில் நகல் எடுத்து, பெரிய படம் அச்சடிக்கும் புக்கிட் தெங்கா கடைக்கு அனுப்பினோம். வியாழக்கிழமை பிரவுன் தாளில் சுற்றி வந்தது.

நான் சட்டம் வெட்டிக்கொண்டிருந்தேன். கனகேஸ்வரி அம்மா பின்கட்டுக்கே வந்துவிட்டார். கையில் வெற்றிலைத் தட்டு, அழைப்பிதழ், எங்களுக்கும் வைக்க வந்திருந்தார்.

“பிரிச்சுக் காட்டுங்க பிள்ளை. ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”

என் கையாலேயே பிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

அம்பிகைபாகன் ஐயா சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மல்லிகை மாலை. கீழே இரண்டு குத்துவிளக்கு. தோற்றம் என்பதற்கு நேரே அவர் பிறந்த தேதி. மறைவு என்பதற்கு நேரே வெள்ளையாக இடம்.

கனகேஸ்வரி அம்மா கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தார். முதலில் தாலியைத் தொட்டார். பிறகு அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டார்.

“இதில என்ன எழுதப் போறீங்கள்?” என்றார்.

நான் பிரவுன் தாளை இழுத்து மூடப் பார்த்தேன். தவமணி ஓடி வந்தாள், பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

“நாளும் பாத்து வச்சிருக்கிறீங்களோ?” என்று கேட்டுவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்களுக்கு என்று கொண்டு வந்த அழைப்பிதழையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜெயராஜ் ஆடிப்போனார். ஒரு மணி நேரத்தில் ஆனந்தராஜாவை வரவழைத்தார். அவன் வந்து, மறைத்து வைத்த தாளைக் கண்டுபிடித்து, ஒரு சிரிப்புச் சிரித்தான்.

“பாஸ், சாப்ட்வேர் மேல தப்பே இல்ல. இவங்கதான் உசுரோட இருக்கிறவங்களுக்கெல்லாம் மாலை போட்டு ஒளிச்சு வச்சிருக்காங்க. நாலாவது பதிப்புல நகல் எடுத்தா எல்லாத் தாளும் சேர்ந்துதான் வரும். அது ஒரு வசதி. புத்தகத்துல போட்டிருக்கு. தப்பு தன்னோடதுன்னு அக்கா ஒரு கையெழுத்துப் போடட்டும், நான் ஆபீஸ்ல காட்டிக்கிறேன். நாளையிலேருந்து நான் ஒரு ஆள் அனுப்புறேன்.”

ஜெயராஜ் தாளை எடுத்துத் தானே எழுதினார். தவமணி முன்னால் வைத்தார். “போடுங்கக்கா. முடிச்சுக்குவோம்.”

தவமணி அதை முழுதும் வாசித்தாள். “மாலையை வச்சது நான். அது தப்புன்னா அதை அந்த அம்மா கால்ல விழுந்து சொல்றேன். ஆனா மறைச்சு வச்சதை வெளிய எடுத்து விட்டது நான் இல்ல. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“இது வசதிக்கா. உங்களுக்குத்தான் புரியல,” என்றான் அவன்.

“அப்படியா தம்பி. நல்ல வசதியா இருந்தா இன்னொருத்தருக்கும் செஞ்சு பார்ப்போம்.” அவள் விசையைத் தட்டினாள். அதிர்ஷ்டம், அன்றைக்குத் தேடின பேரே வந்தது. திரையில் விநாசித்தம்பி வாத்தியார், வெள்ளை ஜிப்பாவில், கண்ணாடியோடு.

ஆனந்தராஜாவின் முகம் மாறியது. “அது எதுக்கு இப்ப?”

“பாருங்க, திரையில ஒண்ணும் இல்ல. நகல்தான் எடுத்து அச்சடிக்கிறேன்.”

எங்களிடம் இருந்த சின்ன பிரிண்டர் நத்தை மாதிரி. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, விரல்கடை விரல்கடையாகத்தான் தாளை வெளியே தள்ளும். முதலில் வெள்ளை மல்லிகை வந்தது. பிறகு நடுவில் சிவப்பு ரோஜா. பிறகு இரண்டு பக்கமும் மாலை இறங்கியது. நடுவில் வாத்தியாரின் நெற்றி வந்தது, திருநீற்றோடு. புருவம் வந்தது. பிரிண்டர் மட்டும் கீறிக்கொண்டிருந்தது.

கண்கள் பாதி வந்தபோது ஆனந்தராஜா தாளைப் பிடித்து இழுத்தான். பிரிண்டர் கரகரத்து நின்றது. அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு, அதை நெஞ்சுக்கு நேரே வைத்திருக்கிறோம் என்று தோன்றியதோ என்னமோ, எடுத்துப் பெட்டிக்குள் போட்டான்.

“அப்பா காலையிலதான் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கிட்டு வந்தாரு,” என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

“நல்லா இருக்கட்டும்,” என்றாள் தவமணி. “இதுவும் வசதிதானே தம்பி?”

ஜெயராஜ் தான் எழுதின தாளை எடுத்துக் கசக்கினார். “பழைய டிஸ்க்கைக் கொண்டாந்து குடு,” என்றார். அதெல்லாம் கோலாலம்பூருக்கு அனுப்பி அழித்தாகிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னவன், மறுநாள் காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் அத்தனையையும் கொண்டு வந்து வைத்தான். காரின் பின்பெட்டியில்தான் கிடந்ததாம்.

அம்பிகைபாகன் ஐயாவின் படத்தில் மாலையை அடியோடு நீக்கி, வேறு அச்சடித்து, ஜெயராஜே கொண்டு போனார். கதவு திறக்கவில்லை. மண்டபத்து வாசலில் படமே வைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். தவமணி ஒரு தடவையில்லை, மூன்று தடவை அந்த வீட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினாள். கனகேஸ்வரி அம்மா கோயிலில் எங்களைக் கண்டால் மற்றப் பக்கமாகச் சுற்றி வருவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் பதிப்பு திரும்பி வந்தது, ஆனால் நாலாம் பதிப்பில் போட்டது எதையும் அது வாசிக்காது என்றது. தைப்பூசத்துக்குப் பிறகு செய்த வேலை முழுதும் தவமணி மறுபடி செய்தாள். அதோடு இருநூற்றுச் சொச்சம் பேரின் மாலைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒவ்வொரு முகத்துக்கும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். சிவபுராணம்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சாவு வீட்டுக்காரர்கள் எங்கள் கடையில் காத்திருந்துதான் படம் வாங்கினார்கள். அவர்கள் அழுதுகொண்டே நிற்கும்போதெல்லாம் நான் நாலாம் பதிப்பை நினைத்துக்கொள்வேன். நல்ல வார்த்தையால் இல்லை.

அடுத்த வருஷம் ஆனந்தராஜா மறுபடி வந்தான். புது டை. “பாஸ், அஞ்சு வந்திருச்சு. நாலுல இருந்த கோளாறெல்லாம் சரி பண்ணியாச்சு.”

கோளாறே இல்லை என்றவன் வாயால் அப்படி வந்தது. ஜெயராஜ் உள்ளே கையைக் காட்டினார். “அக்காகிட்ட கேளு.”

தவமணி எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் திருப்பினாள்.

“வாங்க தம்பி. அப்பா சௌக்கியமா?”

“சௌக்கியம்தான்க்கா.”

“அப்ப அஞ்சாவதுல முதல் படமா அவரோடதையே போட்டுப் பார்ப்போமா? மாலை நான் வச்சுத் தர்றேன்.”

அவன் பெட்டியைத் திறக்கவே இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பெரிக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று போனான். தவமணி செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வேலையைப் பார்த்தாள்.