கிரிஸ்டல் கிளியர், மேடம்

நேற்று என் மகளின் பள்ளியில் ஆசிரியை நீளமாக ஏதோ விளக்கிவிட்டு, "இஸ் தட் கிளியர்?" என்று கேட்டார். "கிரிஸ்டல் கிளியர்" என்றேன். அதே பதிலை எனக்கு முன்னால் அம்மா சொல்லியிருக்கிறாள்.

அப்போது கன்னடம் பேசும் ஊரில், ஈஜிபுராவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா லாரி ஓட்டுநர். பாதி மாதம் வெளியூரில். அம்மா கார்மெண்ட்ஸில் காலர் தைத்தாள். தினமும் காலையில் எனக்குத் தலை பின்னியபடியே சூப்பர்வைசரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள்.

என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க ஆசைப்பட்டாள். அங்கே பிள்ளையை விடப் பெற்றோருக்குத்தான் பெரிய பரீட்சை. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்தால் இடம் கிடையாது.

ஹோட்டலில் பெட்டி தூக்கிய மாமா பொறுப்பேற்றார். மேனேஜரிடம் திட்டு வாங்கியே மூன்று பதில்கள் கற்றவர் அவர். சாதாரணப் பேச்சுக்கு 'கிளியர், மேடம்'. பேச்சு நீண்டால் 'நோ டவுட் அட் ஆல்'. குரல் கடுமையானால் 'கிரிஸ்டல் கிளியர்'.

"நடுவுல என்னா பேசுனா நமக்கு என்னாக்கா? கடைசில கிளியரான்னு கேப்பாங்க பாரு, அங்கதான் நம்ம வேலை."

அம்மா குழாயடியில் நின்றும் முணுமுணுத்தாள். நர்சரியில் கொஞ்சம் இங்கிலீஷ் பொறுக்கியிருந்த நான், பதில் சொல்லும் சமயம் பார்த்து முந்தானையை இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

நேர்காணலில் தலைமை ஆசிரியை யூனிஃபார்ம், பஸ், வீட்டுப்பாடம் என்று பேசிக்கொண்டே போனார். நான் இழுத்தேன், அம்மா சொன்னாள். இரண்டு பதில்களும் பிசகாமல் விழுந்தன. பிறகு அவர் என்னைக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அட் ஹோம், நோ தமிழ். ஒன்லி இங்கிலீஷ். கிளியர்?"

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். பதிலை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இழுத்தேன். மறுபடியும் பலமாக இழுத்தேன்.

"கிரிஸ்டல் கிளியர், மேடம்."

தலைமை ஆசிரியை சிரித்தார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

கேட்டருகே காத்திருந்த மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே பேக்கரிக்குப் போனார். அக்கா இங்கிலீஷில் பாஸ் என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் அறிவித்தார். தேங்காய்ப் பூரணம் வைத்த முழு தில்பசந்த் ஒன்றை மூவரும் பிய்த்துத் தின்றோம். தெருவே எங்களுடையது போல நடந்து வந்தோம்.

பள்ளி திறந்த நாள் காலையில் அம்மா ஒன்றும் பேசாமல் என் தலையைப் பின்னி முடித்தாள். சூப்பர்வைசர் குரல் வரவில்லை. "கம்" என்றாள். "ஈட்" என்றாள். வாசலில் நின்று "கோ" என்றாள். எங்கள் அம்மா வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவாள் என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

அன்று அந்த அறையில் பேசியவற்றில் 'நோ தமிழ்' என்ற அந்த ஒன்று மட்டும் அம்மாவுக்கு முழுசாகப் புரிந்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.