ஹமீது சுல்தானின் முள் மீட்டர்

தேவிபட்டினத்தில், நவபாஷாணக் கோயிலுக்குச் செல்லும் சாலை கடலை நோக்கித் திரும்பும் இடத்தில் ஹமீது சுல்தானின் பேட்டரிக் கடை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அவர் அங்கே வண்டிகளின் மின்பழுது பார்த்துவருகிறார். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருவோர் இருட்டோடு வந்து சேர்ந்து, முகப்பு விளக்கை அணைக்க மறந்து, கடலில் இறங்கிவிடுவார்கள். திரும்பி வரும்போது வண்டி கிளம்பாது.

"செத்தவங்களை நெனச்சு வாராக, பேட்டரியைக் கொன்னுட்டுப் போறாக" என்று எதிர்ப்புறத் தேநீர்க் கடைக்காரர் காளிதாஸ் சொல்வது வழக்கம்.

ஹமீது சுல்தானுக்கென்று ஒரு முறை உண்டு. பழுது இன்னதென்று அவர் தம் வாயால் சொல்லமாட்டார். அவரிடம் கறுப்பு நிறத்தில், கண்ணாடி கீறிப்போன பழைய முள் மீட்டர் ஒன்று இருக்கிறது. அதைப் பேட்டரியோடு இணைத்து வண்டிக்காரரின் கையிலேயே கொடுத்துவிடுவார். சாவியை அணைத்த பிறகு மின்சாரம் எங்கும் போகவில்லையென்றால், முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும்; எங்கேனும் கசிந்தால் எழுந்து நிற்கும். அவர் ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வருவார். எதைக் கழற்றும்போது முள் படுக்கிறதோ, அதுதான் பழுது. அதை வண்டிக்காரரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், டைனமோ பழுதாகிவிட்டது என்று அவர் சொன்னதற்கு, "பாய் வாயில வந்ததெல்லாம் பழுதா?" என்று ஒரு லாரி ஓட்டுநர் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டாராம். அன்றைக்கு மூடிய வாய் அது.

"குழம்புல உப்பு போதுமான்னு கேட்டாக்கூட, மீட்டரைக் கொண்டாம்பாக" என்று அவருடைய மனைவி மஜீதா உறவினரிடம் சொல்லிச் சிரிப்பார்.

சென்ற தை அமாவாசை அன்று காலை பத்து மணிக்கு, காளிதாஸின் கடையோரம் ஒரு சிறிய சரக்கு வண்டி கிளம்பாமல் நின்றது. குட்டியானை என்று எல்லாரும் சொல்லும் வகை. அதன் நெற்றியில் 'மாரிச்செல்வி' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. அருகில், இடுப்பில் ஈர வேட்டியோடு அறுபதை நெருங்கிய ஒருவர் நின்றார். அவர் பெயர் ராக்கப்பன். சிக்கல் என்னும் ஊர்ப் பக்கம் மிளகாய் பயிரிடுபவர்.

"லைட்டை அணைக்காமப் போயிட்டீகளாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே ஹமீது சுல்தான் வேறொரு பேட்டரியைச் சுமந்து வந்தார்.

"விடிஞ்சுதான் வந்தேன் பாய். லைட்டே போடலை. நாலஞ்சு நாளா நின்ன வண்டியை ஆளுக தள்ளித்தான் கெளப்பிக் கொண்டாந்தேன்."

"சரி, ஒதுங்குங்க. ரெண்டு நிமிசத்துல கெளப்பிவிட்டுர்றேன்."

ராக்கப்பன் ஒதுங்கவில்லை. "கெளப்பி மட்டும் விட்டுறாதீக. ஏன் சாகுதுன்னு பார்த்துச் சொல்லணும். ரெண்டு பேட்டரி மாத்திட்டேன். மூணு ஒர்க்சாப்புல காட்டிட்டேன். வண்டியில ஒரு குறையும் இல்லைங்கிறாக. குறை இல்லாததா என் பொஞ்சாதியைக் கொன்னுச்சு?"

காளிதாஸ் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்தார்.

ராக்கப்பன் குரலை உயர்த்தாமல் சொன்னார். கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்திருந்தது. ஐந்தாம் நாள் வெயில் தலைகாட்டியதும், மிளகாய்ச் செடிகள் அழுகிவிடாமல் தண்ணீரை வெட்டி விடுவதற்காக ஊரே வயற்காட்டுக்குப் போய்விட்டது. நண்பகலில் அவர் மனைவி ராக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராக்கப்பன் அவரைத் தூக்கி வந்து, வண்டியில் சாய்த்து, சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. தள்ளிவிடத் தெருவில் ஆள் இல்லை. நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், அந்த வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது.

"'ஏங்க, ஏன் வண்டி கெளம்பமாட்டேங்குது?'ன்னு கேட்டா. 'இந்தா கெளம்பிரும்'னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் கேக்கலை பாய். இன்னைக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம வெறுந்தண்ணியை எறைச்சு என்ன? பேட்டரி செஞ்சவன் தப்பா, ரிப்பேர் பார்த்தவன் தப்பா? எனக்கு அது தெரியணும்."

ஹமீது சுல்தான் கொண்டுவந்த பேட்டரியை இணைத்து வண்டியைக் கிளப்பினார். அரைமணி நேரம் ஓடவிட்டு, டைனமோ ஒழுங்காக மின்னேற்றுவதை ராக்கப்பனையே பார்க்கச் செய்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி, நீண்ட ஒயர்களால் மீட்டரை இணைத்து அவரிடம் கொடுத்தார்.

"முள் படுத்திருக்காண்ணே?"

"இல்ல பாய். நிக்குது. அரைக்குக் கொஞ்சம் கீழ."

"அப்ப எங்கயோ கசியுது. கண்ணை எடுக்காமப் பாருங்க. படுத்ததும் சொல்லுங்க."

அவர் இருக்கையின் கீழ்ப் பக்கமாகக் குனிந்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முகப்பு விளக்கு, ஹாரன், கண்ணாடித் துடைப்பான்.

"இப்ப?"

"நிக்குது."

"இப்ப?"

"நிக்குது பாய்."

கடைசி ஃபியூஸையும் எடுத்தாகிவிட்டது; முள் அசையவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல், பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயர் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் விரல்களால் தடவிக்கொண்டே போனார். அனுபவமில்லாத கை முறுக்கி, டேப் சுற்றிய பச்சை ஒயர் ஒன்று தட்டுப்பட்டது. அது மேலேறி, முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு படத்தின் பின்னே முடிந்தது. இரட்டைச் சடையோடு ஒரு பெண்ணின் படம்; காய்ந்த கதம்பம்; படத்துக்குப் பின்னே சிவப்பு உறைக்குள் ஒரு சிறிய பல்பு. வெயிலில் அது எரிவதே தெரியவில்லை.

"அதைத் தொட்டுறாதீக பாய்" என்றார் ராக்கப்பன். "என் மக. மாரிச்செல்வி. பத்தொம்பது வயசுல மஞ்சக்காமாலையில போயிட்டா. கல்யாணம் ஆகாத பிள்ளை, வீட்டுக்குக் கன்னிச்சாமி ஆயிட்டா. அவ விளக்கு அணையக் கூடாதுன்னு அவ ஆத்தா சொல்லிட்டா. பிள்ளைக்கு வீட்டைவிட இந்த வண்டிதான் பிடிக்கும். அதான் இங்கனயே வச்சு, சாவியை அணைச்சாலும் எரியுற மாதிரி நானே ஒயர் இழுத்தேன். பாவி பேட்டரி, சாகுறப்பல்லாம் பிள்ளை விளக்கையும் சேர்த்துல்ல அணைச்சுச்சு."

ஹமீது சுல்தானின் கை அந்த ஒயரின் மேலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு முன்னாடி பார்த்தவுக யாரும் இந்த விளக்கைப் பார்க்கலையாண்ணே?"

"எப்படிப் பார்ப்பாக? ஒர்க்சாப்புக்குப் போறப்ப ஒயரைக் கழத்திவிட்டு, செல்வியை வீட்டுல எறக்கி வச்சிட்டுத்தான் போவேன். செருப்புக் காலோட ஏறுவாக. கிரீஸ் கையோட தொடுவாக. சாமியை அங்கனெல்லாம் கொண்டுபோகலாமா? இன்னைக்கு அவ ஆத்தாளுக்குத் திதி. அதான் கூட்டிட்டு வந்தேன்."

மூன்று மெக்கானிக்குகளும் குறையில்லை என்று சொன்னதில் தவறில்லை. அவர்கள் பார்த்த வண்டியில் குறை இல்லை.

மிளகாய்க் காலத்தில் வண்டி நாள்தோறும் ஓடும்; விளக்கு குடித்ததை டைனமோ நிரப்பிவிடும். நின்றால்தான் கேடு. அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு என்றால், ஒரு நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி. நான்கு நாளுக்கு நாற்பது. அந்தப் பேட்டரி தாங்கக்கூடியதே அவ்வளவுதான். கார்த்திகையில் நான்கு நாள் மழை பெய்தது.

பச்சை ஒயரை இழுத்தால் முள் படுத்துவிடும். மீட்டர் ராக்கப்பனின் கையில் இருந்தது. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஹமீது சுல்தான், முள் படுக்கும் முன்பே அதைத் திரும்ப வாங்கி, இருக்கையின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"மீட்டர் பழசாயிருச்சுண்ணே. முள் சும்மாவே நிக்குது. பேட்டரிதான் குறை. உள்ள ஒரு அறை செத்துக் கெடக்கு."

"ரெண்டு பேட்டரியுமா?"

"சில நேரம் அப்படி அமைஞ்சுருது."

"அப்ப என் மேல..."

"உங்க மேல ஒண்ணுமில்லண்ணே. இந்தா, பத்து நிமிசத்துல வாரேன். விளக்குக்குத் தனியாச் சின்னப் பேட்டரி ஒண்ணு வச்சுத் தர்றேன். காசு ஒண்ணும் வேண்டாம்."

காளிதாஸ் நல்ல மனிதர். கலங்கி நிற்பவரைச் சிறிது சிரிக்கவைக்கலாம் என்றுதான் அவர் வாயைத் திறந்தார். "என்ன பாய், என்னைக்கும் முள்ளுதான் பேசும், நீங்க பேசமாட்டீக. இன்னைக்கு அது மவுன விரதமா?"

ஹமீது சுல்தான் கடையை நோக்கி விரைந்தார்.

கடையில் மஜீதா சோற்றுத் தூக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஹமீது சுல்தான் நடந்ததைச் சொன்னார்.

"அல்லாவே" என்றார் மஜீதா. பிறகு, "அவுக கேட்டது வண்டியைப் பத்தி இல்லங்க. அந்தம்மாவுக்குச் சொல்றதுக்குப் பதில் கேட்டாக" என்றார்.

"அந்தப் பதிலை வச்சிக்கிட்டு அந்த மனுசன் எப்படி வீடு போய்ச் சேருவாரு மஜீதா?"

மஜீதா கடையின் அலமாரித் தட்டிலிருந்த பைக் பேட்டரியை எடுத்துக் கணவரின் கையில் கொடுத்தார்.

அவர் திரும்பிவந்தபோது ராக்கப்பன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மீட்டர் நிமிர்ந்து கிடந்தது. அவர் வலக்கையில் பச்சை ஒயரின் நுனி இருந்தது. படத்துக்குப் பின்னே வெளிச்சம் இல்லை.

"முள் படுத்துருச்சு பாய்" என்றார்.

ஹமீது சுல்தான் பேட்டரியை ஏந்தியபடி நின்றார்.

ராக்கப்பன் ஒயரை மறுபடி தொடவைத்தார், முள் எழுந்தது. எடுத்தார், படுத்தது. மூன்றாம் முறை அவர் தொடவைக்கவில்லை. "உங்க மீட்டர் நல்லாத்தான் இருக்கு. ஒயரை இழுத்தவன் நான்தான்."

"அண்ணே, நீங்க வெளக்குதானே வச்சீக. தெரிஞ்சா செஞ்சீக?"

"தெரியலை. தெரியலைன்னு இனிமே சொல்ல முடியாதுல்ல."

அவர் இறங்கிக் கடலை நோக்கி நடந்தார். அமாவாசைக் கூட்டம் கரையை அடைத்துக்கொண்டிருந்தது. புரோகிதர் யாரையும் அவர் தேடவில்லை. முழங்கால் அளவு நீரில் நின்று, ஒரு கை தண்ணீரை அள்ளி, அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். தொலைவிலிருந்து உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு விரல்களைத் திறந்துவிட்டார்.

அதற்குள் ஹமீது சுல்தான் மீட்டரைக் கழற்றி, ஃபியூஸ்களைத் திரும்பச் செருகி, பேட்டரி இணைப்பை இறுக்கியிருந்தார். சிறிய பேட்டரியைப் பொருத்தக் குனிந்தபோது ராக்கப்பன் வந்து தடுத்தார்.

"வேண்டாம் பாய்."

"இதுக்கும் அதுக்கும் தொடர்பே இருக்காதுண்ணே. பெரிய பேட்டரியைத் தொடாது. பிள்ளை வெளக்கு எரியட்டும்."

"எரிஞ்சா நான் அதைப் பார்க்கணும்ல. பார்க்க முடியாது பாய்."

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அவர் அணைத்தார். மீண்டும் திருப்பினார், மீண்டும் கிளம்பியது. பக்கத்து இருக்கையைப் பார்த்து, "இந்தா, கெளம்பிருச்சு" என்றார்.

மகளின் படத்தைக் கழற்றித் தோள்துண்டில் சுற்றி, அந்த இருக்கையில் வைத்தார். வண்டி சிக்கலை நோக்கிப் போயிற்று. காளிதாஸ் அன்று பகல் முழுவதும் யாரையும் கேலி செய்யவில்லை.

அந்தச் சிறிய பேட்டரி இன்றும் ஹமீது சுல்தானின் கடைத் தட்டில் இருக்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பேட்டரி தானாகவே செத்துவிடும். ஆகையால் ஒவ்வோர் அமாவாசையன்றும் அதை இறக்கித் துடைத்து, மின்னேற்றி, முள் மீட்டரால் தாமே பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். விலைக்குக் கேட்டவர் இருவர். இருவரிடமும், "அது ஒருத்தரோடது, வந்து வாங்கிக்குவாரு" என்று சொல்லிவிட்டார். ராக்கப்பன் இதுவரை வரவில்லை.