தமிழ் பேசும் நாட்டில் ஆறு வாரம்

தனலெட்சுமிக்குக் கோபமே வராது என்றுதான் மலேசியாவில், கோத்தா திங்கியில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள் கோபப்பட்டால் வேலை ஓடாது. கூண்டில் நிற்கிற ஆள் தமிழில் கத்துவான். அதை இவள் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், மலாயில் நிதானமாகச் சொல்வாள். அதையும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. “நான்தான் அடிச்சேன், அதுக்கென்ன இப்ப?” என்று அவன் சொன்னால், ‘தான் அடித்ததாக இவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க முடியாது. நான்தான் அடித்தேன், அதற்கென்ன இப்போது, என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியே அவள் எத்தனையோ வருஷமாகக் கள்ளச் சாராயம் விற்றிருக்கிறாள், மச்சானைப் பாராங் கத்தியால் வெட்டியிருக்கிறாள், பிள்ளைக்குச் செலவுப் பணம் தராத புருஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். எல்லாம் அடுத்தவர் கோபம். சொந்தமாக ஒன்று தனக்கும் உண்டு என்பது அவளுக்குத் தெரியவந்தது, முதுகலை படிக்கப் போன பிறகுதான்.

படித்த இடம் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்களுக்கு அது ஒரு விளம்பரமாகிவிடும். சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்து, வேலை செய்கிறவர்களும் படிக்கிற மாதிரி நடத்தியது அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். படிப்பின் பெயர் வெளிநாட்டு மொழிகளில் முதுகலை. ஜப்பானியம், பிரெஞ்சு, அரபு, மாண்டரின் என்று போன பட்டியலின் கடைசியில் தமிழும் இருந்தது. மலாயும் ஆங்கிலமும் போக மீதியெல்லாம் வெளிநாடு என்று எந்தப் புண்ணியவானோ என்றைக்கோ கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பார்த்தபோதே தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது. பெயரில் என்ன இருக்கிறது, பாடம்தானே முக்கியம் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் ஏமாந்தாள்.

அவளுக்கு அந்தப் படிப்பின் மேல் உண்மையான ஆசை இருந்தது. பட்டம் வாங்கி வந்த சின்னப் பெண்கள் எல்லாம் அவளைத் தாண்டித் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் போனார்கள், அது ஒரு காரணம். அதைவிடப் பெரியது இன்னொன்று. தோட்டத்து மனிதர்கள் சொல்வது மலாய்க்குப் போகும்போது எதை இழக்கிறது, அந்த இழப்பில் ஓர் ஆளின் தலையெழுத்து எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் எண்ணம். நாலு வருஷச் சனிக்கிழமைகளை அதற்குக் கொடுத்தாள். அவள் கணவன் ஹேமநாதன் வாரம் முழுக்க விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். தூங்கக் கிடைக்கிற ஒரே நாளான சனிக்கிழமையிலும் எழுந்து சமைத்து வைத்தான். ஆய்வேடும் எழுதி முடித்தாள். தேர்வாளர்கள் பாராட்டி ஒப்புக்கொண்டார்கள்.

பிறகுதான் அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண் சிரித்த முகத்தோடு, அக்கா என்று மலாயில் கூப்பிட்டுக் கேட்டாள், “காக், எப்ப இந்தியா போறீங்க?”

விதி ஒன்று இருந்தது. மாணவர் தம் மொழி பேசப்படும் நாட்டுக்குப் போய், அந்த நாட்டுக் குடும்பம் ஒன்றோடு ஆறு வாரம் தங்கி வர வேண்டும். ஜப்பான் மொழி படித்தவன் ஒசாகா போனான். அரபு படித்தவள் ஜோர்டான் போனாள். இதெல்லாம் தனலெட்சுமிக்கும் தெரியும். ஆனால் அது தனக்கும் சேர்த்து எழுதிய விதி என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழில் அழுது, தமிழில் சண்டை போட்டு, அரசாங்கத்திடமே தமிழுக்காகச் சம்பளம் வாங்குகிறவளைப் பார்த்து, தமிழ் பேசுகிற நாட்டுக்கு எப்போது போகிறாய் என்று கேட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையச் சொன்னார்கள்.

மாண்டரின் படித்த வெய் மிங் ஜொகூரிலேயே உள்ள மூவாரைச் சேர்ந்த சீனன். அவனுக்கும் இதே கதை. பேசாமல் பெய்ஜிங் போய்விட்டு வந்தான். “அங்க போனா, நீ எந்த நாட்டுக்காரன், எங்க ஊரு பாஷையை நல்லா பேசறியேன்னு கேக்குறாங்க லா,” என்று கேன்டீனில் சொல்லிச் சிரித்தான். தனலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஆளை அவன் நாட்டிலும் வெளியாள், அந்த நாட்டிலும் வெளியாள் ஆக்கிவிட்டு அதற்குப் படிப்பு என்று பெயரும் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

படிப்பின் ஒருங்கிணைப்பாளர் டாக்டர் ரூபேந்திரன். தமிழர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்தவரின் பேரன். இவர் பிறந்தது ஜொகூர் பாருவில், படித்தது இங்கிலாந்தில். நம்ம ஆள் இருக்கிறார், சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பிப் போனாள்.

“டாக்டர், நான் இருக்கிறதே தமிழ் பேசற நாடுதான். இங்க இருந்து எங்க போகச் சொல்றீங்க?”

“ரூல்ஸ்ல மூல நாடுன்னு இருக்கு. தமிழுக்கு இந்தியா, இல்ல ஸ்ரீலங்கா. மலேசியா எப்படி வரும்?”

“நீங்க எங்க பொறந்தீங்க?”

“அது வேற விஷயம் லா, லெட்சுமி. பெர்சனலா எடுத்துக்காதீங்க. நான் தமிழன்னு உங்களுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு என்ன பேசுவாங்க?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். இங்கே சாமியிடம் இன்னும் கேட்கவே இல்லை, பூசாரி முந்திக்கொண்டார். ஆள் கெட்டவர் இல்லை. உள்ளூரத் தமிழ்மேல் பாசமும் உண்டு. ஆனால் பாசம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நம்மில் நாற்காலி கிடைத்த பாதிப் பேருக்கு இதே வியாதி.

அவரே ஒரு வழியும் சொன்னார். அனுதாப அடிப்படையில் விலக்கு. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும். போடாவிட்டால் இந்தப் பருவத்தோடு அவள் பதிவு காலாவதி. நாலு வருஷமும் தண்ணீரில் எழுதினது போல ஆகிவிடும். திங்கட்கிழமை பட்டம் வழங்கும் குழு கூடுகிறது, அதற்குள் கொண்டு வாருங்கள் என்றார்.

ஹேமநாதனுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. “போட்டுட்டு வந்துடு லா. ஒரு கையெழுத்துதானே. வேலையில நான் ஒரு நாளைக்கு எத்தனை போடுறேன்.”

தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேனாவையும் திறந்தாள். எதிரே அவள் அம்மா வெள்ளையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னம்மா அது?”

மகள் பழக்கதோஷத்தில் மலாயில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னாள், நீதிமன்றக் குரலில். “குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் மொழியின் நாட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. எனக்குக் கருணை காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

“யாரு இப்படிச் சொன்னது?”

“நான் சொன்ன மாதிரி எழுதியிருக்கு.”

“நீ சொன்னியா?”

“இல்ல.”

“அப்புறம் நீ எதுக்குக் கையெழுத்துப் போடுற?” என்று கேட்டுவிட்டு வெள்ளையம்மா கீரைக்குத் திரும்பினாள்.

வெள்ளையம்மா யார் என்று சொல்லியாக வேண்டும். அவள் பிறந்தது இதே ஜொகூரில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கணக்கு எழுதுகிற தோட்டத்துக் கிராணி பிறப்பைப் பதிந்திருப்பார் என்று அவள் அப்பா இருந்துவிட்டார். அப்பா பதிந்திருப்பார் என்று கிராணி இருந்துவிட்டார். பிறப்புப் பத்திரம் இல்லாமலே பெண் வளர்ந்து, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றாள். பெற்ற பிள்ளைகளுக்குக் குடிமக்களின் நீல அடையாள அட்டை, பெற்றவளுக்குச் சிவப்பு. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. பிறந்த ஊரில் அவள் வெளியாள். நீல அட்டை கைக்கு வந்தபோது அவளுக்கு வயது அறுபத்து மூன்று. அன்றைக்கு அவள் அழவில்லை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செத்துப்போன அப்பாவையும் கிராணியையும் ஒரு பாட்டம் திட்டினாள். அந்த அட்டையை மைலோ டின்னில் போட்டு, அலமாரி உச்சியில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறாள். கோத்தா திங்கியில் ஆறு பொங்கி வந்தால் மற்றவர்கள் நகையைத் தேடுவார்கள். இவள் டின்னைத் தேடுவாள்.

இந்தப் பொம்பளையின் பேச்சு வெளிநாட்டுப் பேச்சு என்று, அவள் வயிற்றில் பிறந்தவளே ‘நான்’ போட்டு எழுதித் தர வேண்டுமாம். தனலெட்சுமி பேனாவை மூடினாள். கள்ளச் சாராயம் விற்றவனுக்கும் கத்தி எடுத்தவனுக்கும் வாயாக இருந்து, எல்லார் சொல்லையும் உள்ளபடி சொன்னவள். தன் வாயால் முதன்முதலாகச் சொல்வது பொய்யாக இருக்கக்கூடாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடாத தாளோடு போனாள். குழுவின் தலைவர் துணை டீன், மலாய்க்கார அம்மா, கறாரானவர் என்று பெயர். அதைப் பார்த்து, என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். தனலெட்சுமி மலாயில் ‘அம்மையார்’ என்று அழைத்துப் பணிவாகக் கேட்டுக்கொண்டாள், “புவான், என் பட்டத்தோட மொழி தமிழ். தமிழ்லயே பேசறேன். மொழிபெயர்க்க டாக்டர் இருக்காரு.” துணை டீன் தலையசைத்தார். ரூபேந்திரன் நாற்காலியில் நெளிந்தார்.

தனலெட்சுமி எழுந்து நின்றாள். நீதிமன்றத்துப் பழக்கம்.

“நான் கருணை கேட்டு வரலை. எங்கம்மா இந்த நாட்டுலயே பொறந்து, அறுபத்து மூணு வயசு வரைக்கும் வெளியாளா நின்னாங்க. இப்ப அவங்க பேசற மொழியையும் வெளிநாடுன்னு என்னையே எழுதித் தரச் சொல்றீங்க. தர மாட்டேன். எனக்குக் கோபமா இருக்கு.”

ரூபேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு மலாயில் ஆரம்பித்தார். “இவருடைய தாயாருக்கு வயதாகிவிட்டது. விட்டுவிட்டு வெளிநாடு போவது சிரமம். குழு பெரிய மனது வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறார்.”

சாது மிரண்டால் காடு கொள்ளாது. இந்தச் சாதுவை மிரட்டியது விதிகூட இல்லை, அந்த மொழிபெயர்ப்பு. இப்படி ஒரு மொழிபெயர்ப்பை அவள் கோர்ட்டில் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதைத்தான் நாலு வருஷமாக உட்கார்ந்து எழுதினாள். அது அவள் கண்ணெதிரில், அவளுக்கே நடக்கிறது.

“புவான், மொழிபெயர்ப்பு தப்பு,” என்றாள் மலாயில். “டாக்டர், மன்னிச்சுக்குங்க. நான் சொன்னது அது இல்ல.”

பிறகு தான் சொன்னதைத் தானே மலாயில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குரல் மட்டும் நிதானமாக இல்லை. ‘எனக்குக் கோபமாக இருக்கிறது’ என்ற இடத்தில் அது உடைந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. நான் என்று சொன்னது அன்றைக்குத்தான் அவளையே குறித்தது.

ரூபேந்திரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணை டீன் கையெழுத்தில்லாத அந்தத் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார், “அப்படியானால் ஆறு வாரம் எங்கே தங்குவீர்கள்?”

“கோத்தா திங்கியில, புவான்.”

“அந்த நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நான் மாற்ற முடியாது.”

“குடும்பம் இருக்கு, புவான்.”

அந்த வாரமே ரூபேந்திரன் போனில் கூப்பிட்டார். குழு ஒப்புக்கொண்டதாம், பதிவையும் ஆறு வாரத்துக்கு நீட்டித்துவிட்டார்களாம். பட்டத்தின் பெயர் மாறாது, பட்டியலும் மாறாது, அதெல்லாம் மேலே இருக்கிறவர்கள் பார்க்க வேண்டியது என்றார். வைக்கப்போகும்போது, “மன்னிச்சுக்குங்க லெட்சுமி. பயத்துல பேசிட்டேன்,” என்றார். அவளுக்குச் சட்டென்று ஆறிவிடவில்லை. “பரவாயில்ல டாக்டர்” என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல், “சரி” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் புது விண்ணப்பப் பாரம் விரிந்தது. விருந்தோம்பும் குடும்பத் தலைவர் பெயர் என்ற இடத்தில் மகள் ‘வெள்ளையம்மா’ என்று எழுதினாள்.

“என் பேரு எதுக்கு?”

“ஆறு வாரம் உங்க வீட்டுல வந்து தங்கி நான் தமிழ் பழகணும்மா. நீங்கதான் எனக்கு இடம் குடுக்குற குடும்பம்.”

வெள்ளையம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் வீட்டுக்கு நீயே விருந்தாளியா? எந்தக் கூறுகெட்டவன் போட்ட சட்டம் இது?”

“போட்டுட்டாங்க. அடுத்தது, நீங்க எந்த நாட்டுக் குடிமகள்னு கேட்டிருக்கு. அடையாள அட்டை நம்பரும் வேணும்.”

கிழவி மருமகனைப் பார்த்து அலமாரி உச்சிக்குக் கண்ணைக் காட்டினாள். ஹேமநாதன் நாற்காலி போட்டு ஏறி மைலோ டின்னை எடுத்துக் கொடுத்தான். அவள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நீல அட்டையைச் சேலைத் தலைப்பில் துடைத்து, பாரத்தின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

“மலேசியான்னு பெருசா எழுது. நம்பரைப் பாத்துப் போடு,” என்றாள். “ஒண்ணு தப்பாப் போச்சுன்னா மறுபடியும் என்னை வெளிநாட்டுக்காரி ஆக்கிடுவானுங்க.”